ஒன்பதா, நாற்பத்தைந்தா?

கேள்வி: அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் வசிக்கும் என் அண்ணன், வீட்டுப் பாதுகாப்புக்காகக் கைத்துப்பாக்கி வாங்கவிருக்கிறார். 9 மி.மீ. போதும் என்று கடைக்காரரும், .45 இல்லாவிட்டால் வீண் என்று அவருடைய நண்பரும் சொல்கிறார்களாம். எது சரி? அடுத்த மாதம் அங்கே செல்லும் நான், பயிற்சிக்கூடத்தில் சுட்ட தோட்டாவின் வெற்று உறை ஒன்றை நினைவாகக் கொண்டுவரலாமா?
- ஈசூன் வாசகர், சிங்கப்பூர்

பதில்: இந்த எண்கள், தோட்டாவிலிருந்து பாயும் குண்டின் விட்டத்தைக் குறிப்பவை. .45 என்பது அங்குலக் கணக்கு. மில்லிமீட்டரில் ஏறத்தாழ பதினொன்றரை. ஆக, அகலத்தில் வேறுபாடு இரண்டரை மில்லிமீட்டர்தான். எடையில் இடைவெளி பெரிது: 9 மி.மீ. குண்டு பெரும்பாலும் 7.5 முதல் 9.5 கிராம் வரை இருக்கும்; .45 குண்டின் வழக்கமான எடை 15 கிராமை ஒட்டியது. அந்தக் கனத்துக்கு ஈடாகச் சுடுபவரின் கை கூடுதலான உதைப்பைத் தாங்க வேண்டும். துப்பாக்கியில் நிரம்பும் தோட்டாக்களும் குறையும்.

1986இல் மயாமியில் நடந்த மோதலில், கொள்ளையன் ஒருவனின் கையைத் துளைத்து மார்புக்குள் புகுந்த 9 மி.மீ. குண்டு இதயத்தை எட்டாமல் நின்றுவிட, அவன் தொடர்ந்து சுட்டான், அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் அதிகாரிகள் இருவர் மாண்டனர். பழி குண்டின்மீது விழுந்தது. 10 மி.மீ., பிறகு .40 என்று மாறிய அந்த அமைப்பு, குண்டுகளின் வடிவமைப்பு மேம்பட்டதும், சுற்றிச் சுற்றிச் சுப்பர் கொல்லைக்கு வந்த கதையாக, 9 மி.மீ.க்கே திரும்பியது.

எனவே, அளவைவிடக் குண்டின் வகையைக் கவனிக்கச் சொல்லுங்கள். முழுவதும் உலோகம் போர்த்திய குண்டு உடலைத் துளைத்துக்கொண்டு அப்பாலும் பாயக்கூடும். முனையில் குழியுள்ள குண்டோ, உடலுக்குள் விரிந்து வேகம் இழக்கும். கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச்சாலையின் பெயரால் அறியப்பட்ட விரியும் குண்டுகளின் வழிவந்தது இது. உடல் தசைக்கு ஈடாகப் பயன்படுத்தும் சோதனைக் கூழில் 30 முதல் 46 செ.மீ. ஆழம் வரை செல்வதே ஏற்கத்தக்கது என்பது எஃப்.பி.ஐ. வைத்துள்ள அளவுகோல். நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளின் கான்கிரீட் சுவர் அங்கே இல்லை. அமெரிக்க வீடுகளின் உட்சுவர் பெரும்பாலும் ஜிப்சம் பலகை. குறி தவறினால், எந்த வகைக் குண்டும் அதைத் துளைத்து அடுத்த அறைக்குள் போய்விடும்.

என் கருத்தைக் கேட்டால், 9 மி.மீ.யும் குழிமுனைக் குண்டும் போதும். சில துப்பாக்கிகளில் குழிமுனைத் தோட்டா சிக்கிக்கொள்வதுண்டு என்பதால், வீட்டில் வைக்கப்போகும் அதே வகையை முதலில் பயிற்சிக்கூடத்தில் சுட்டுப் பார்ப்பது அவசியம்.

வெற்று உறையைக் கொண்டுவராதீர்கள். சுட்டுத் தீர்ந்த தோட்டாவில் செய்த சாவிவளையமானாலும், முன் அனுமதியின்றிச் சிங்கப்பூருக்குள் எடுத்துவந்தால் சிக்கல்தான். சுடப்படாத தோட்டாவாக இருந்தாலோ, அதைச் சட்டவிரோதமாக வைத்திருந்த குற்றத்துக்கு 5 முதல் 10 ஆண்டுச் சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் விதிக்கப்படலாம். அண்ணனின் பையை இரவல் வாங்கி வருவதாக இருந்தால், அதன் உள்ளறைகளையும் ஒருமுறை கவிழ்த்து உதறிப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.