தற்காலிக சபாநாயகர் என்பவர் யார்? மூத்த எம்.பி.க்கு ஏன் அந்தப் பொறுப்பு?

தேர்தல் முடிந்து புது மக்களவை முதன்முதலாகக் கூடும்போது சபாநாயகர் நாற்காலி காலியாக இருக்கும். பழையவரின் பதவி அந்த முதல் கூட்டத்துக்குச் சற்று முன்புவரைதான். உறுப்பினர்கள் பதவியேற்ற பிறகே புதியவரைத் தேர்ந்தெடுக்க முடியும். சரி, பதவிப் பிரமாணம் செய்துவைப்பது யார்? அந்த இடைவெளிக்கு வருபவர்தான் தற்காலிக சபாநாயகர்.

எங்கள் பாம்பன் பக்கத்து மீனவர் ஊர் ஒன்றில் தலைவரை மாற்றும் கூட்டம் நடக்கிறது என்று வையுங்கள். நடுவில் உட்காரவைக்கத் தோதானவர், பல வருடம் கடல் பார்த்த பெரியவர். அவர் சொன்னால் படகுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியும் கேட்பார், கூலிக்குக் கடலுக்குப் போகிறவரும் கேட்பார். அதே காரணம்தான் டெல்லியிலும்.

நல்ல உதாரணம் இந்திரஜித் குப்தா. 1919-ல் கல்கத்தாவில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு வந்து, தொழிற்சங்க வேலையில் இறங்கிய கம்யூனிஸ்ட். 1960 இடைத்தேர்தலில் முதன்முறை வென்றார். 1977-ல் தோற்றது தவிர 2001-ல் இறக்கும்வரை எம்.பி.தான், மொத்தம் 11 வெற்றிகள்! 1996 முதல் 1998 வரை உள்துறை அமைச்சராகவும் இருந்தார். தற்காலிக சபாநாயகர் பொறுப்பு அவரைப் பல முறை தேடி வந்தது. எதிர்க்கட்சியினரும் மதித்த மனிதர், எனக்கு மிகவும் பிடித்தவர்.

அப்புறம், மூத்தவருக்கே இந்தப் பதவி என்று சட்டம் சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். அது வெறும் மரபு, நியமிப்பவர் குடியரசுத் தலைவர்.