மர சைடிங்கின் மேலேயே வினைல் அடிக்கலாமா?

வீட்டின் வெளிச்சுவரை மூடும் மரப் பலகை (சைடிங்) ஜன்னலுக்குக் கீழே உப்பி, பெயிண்ட் உரிகிறது, அதன் மேலேயே வினைல் என்ற பிளாஸ்டிக் சைடிங் அடித்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். உள்ளே இருக்கும் ஈரம் மூடிய சுவருக்குள் அழுகலைப் பரப்பிக்கொண்டே இருக்கும்.

ஒரு ஸ்க்ரூடிரைவரால் ஜன்னலின் கீழ் மூலைகளில் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் பலகை போய்விட்டது. கழற்றி, பின்னால் இருக்கும் ஒட்டுப்பலகையையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் கோளாறு சைடிங்கில் இருக்காது, ஜன்னலைச் சுற்றி மழைநீரை வெளியே தள்ளும் ஃபிளாஷிங் தகட்டில்தான் இருக்கும். அதை முதலில் சரிசெய்யுங்கள்.

அப்புறம், வினைல் வெயிலில் நீளும். ஆணியை வினைல் பலகையில் இருக்கும் நீள்துளையின் நடுவில், சுமார் 1 மில்லிமீட்டர் தளர்வு விட்டு அடியுங்கள். கையால் தள்ளினால் பலகை பக்கவாட்டில் நகர வேண்டும். இறுக்கினால் நெளிந்துவிடும்.

பழைய வீடு என்றால் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். சுரண்டுவதற்கு முன்பே சோதித்துவிடுங்கள்.