ஆரணியில் ஒரு வழக்கு, குடியாத்தத்தில் ஒரு வழக்கு

கேள்வி: அப்பா விட்டுப்போன சொத்தில் குடியாத்தத்தில் வீடு, ஆரணி பக்கம் நிலம். பாகம் கேட்டு குடியாத்தம் சப் கோர்ட்டில் வழக்கு போட்டேன். சம்மன் போனதும் அண்ணன், நான் நிலத்தில் கால் வைக்கக் கூடாது என்று ஆரணி முன்சீப் கோர்ட்டில் தடை கேட்டு வழக்கு போட்டுவிட்டார். அந்த ஊரில் அவருக்குச் செல்வாக்கு அதிகம், பயமாக இருக்கிறது. அந்த வழக்கை இங்கே மாற்ற முடியுமா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: முடியும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 24-வது பிரிவு, கீழ்க் கோர்ட்டில் இருக்கும் வழக்கை எந்தக் கட்டத்திலும் எடுத்து வேறு கோர்ட்டுக்கு அனுப்பும் அதிகாரத்தை மாவட்ட நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் கொடுத்திருக்கிறது. இரண்டு வழக்கும் வேலூர் மாவட்டத்துக்குள் இருந்திருந்தால் சத்துவாச்சாரியில் இருக்கும் வேலூர் மாவட்ட நீதிமன்றத்திலேயே மனு போட்டு முடித்திருக்கலாம். ஆனால் 1989-ல் வட ஆற்காடு பிரிந்தபோது ஆரணி திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் போய்விட்டது, அதனால் வேலூர் மாவட்ட நீதிபதி அந்த வழக்கைத் தொட முடியாது, நீங்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

மனுவில் அண்ணனின் செல்வாக்கைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதாதீர்கள். வெறும் சந்தேகத்துக்காக வழக்கை மாற்ற மாட்டார்கள், நியாயமான அச்சம் என்று காட்ட ஆதாரம் கேட்பார்கள். உங்களிடம் அதைவிடப் பலமான காரணம் இருக்கிறதே! ஒரே குடும்பம், ஒரே நிலம், அதே சாட்சிகள். இரண்டு கோர்ட் தனித்தனியாக விசாரித்தால் தீர்ப்பு முரணாக வரலாம், அதனால் இரண்டையும் குடியாத்தத்தில் சேர்த்து விசாரிக்க வேண்டும் என்று கேளுங்கள். இரண்டு பிராதுகளின் நகலையும் சொத்து விவரத்தையும் வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம், மனு போட்டதாலேயே ஆரணி வழக்கு நின்றுவிடாது. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுக்கும்வரை அங்கே வாய்தாவுக்குப் போயே ஆக வேண்டும், போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். மாறி வந்த வழக்கு பொதுவாக விட்ட இடத்திலிருந்தே தொடரும், தேவைப்பட்டால் முதலிலிருந்தும் விசாரிக்கலாம்.

கேள்வி: கடன் பாக்கி என்று என் மேல் சித்தூரில் வழக்கு. தெலுங்கு தெரியாது. சென்னை உயர் நீதிமன்றம் அதை வேலூருக்கு மாற்றுமா?
- வாசகர், காட்பாடி

பதில்: மாற்றாது. பஸ் ஏறினால் பக்கத்து ஊர்தான், ஆனாலும் அது ஆந்திரா. ஒரு மாநிலத்து சிவில் வழக்கை இன்னொரு மாநிலத்துக்கு மாற்றும் அதிகாரம் 25-வது பிரிவின்படி உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு, 2008-ல் அந்த நீதிமன்றமே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. மொழி தெரியாது என்ற ஒரே காரணம் அங்கே எடுபடுவது கஷ்டம், வீண் தொல்லைக்குப் போட்ட மனு என்று பட்டால் எதிர்த்தரப்புக்கு 2,000 ரூபாய் வரை கொடுக்கச் சொல்லவும் சட்டத்தில் இடம் உண்டு. டெல்லிக்குச் செலவழிப்பதைவிட சித்தூரிலேயே தமிழ் பேசும் வக்கீல் ஒருவரைப் பிடியுங்கள், அங்கே அதற்குப் பஞ்சமில்லை.