நான்கடி கடல்நீர்த் தொட்டி, 65,000 கார்டு பாக்கி: எதை முதலில் குறைப்பது?

கேள்வி: கும்பகோணத்தில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். மாடியில் நான்கடி கடல்நீர் மீன்தொட்டி இருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு லட்சம் போட்டிருப்பேன். தொட்டிக்கு முன்னால் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட் ஓடிய மீட்டர் இப்போது 900-ஐத் தொடுகிறது, பில் 4,000 ரூபாய் கூடிவிட்டது. உப்பு, தீனி, ஃபில்டர் சாமான் என்று மாதம் 3,000 தனி. கிரெடிட் கார்டில் 65,000 நிற்கிறது, மினிமம் மட்டும் கட்டுகிறேன். மனைவி மொத்தத்தையும் விற்கச் சொல்கிறார். நான் 38,000-க்கு ஒரு சின்ன ரெடிமேட் தொட்டி பார்த்து வைத்திருக்கிறேன். எது சரி?

பதில்: சார், அந்த 38,000 ரூபாய்த் தொட்டி வேண்டவே வேண்டாம். செலவைக் குறைக்கக் கிளம்பியவர் கார்டில் இன்னொரு 38,000 ஏற்றினால் பாக்கி லட்சத்தைத் தாண்டும், அப்புறம் நீங்கள் குறைத்தது தொட்டியை மட்டும்தான். அதற்காக மொத்தமாக மூடவும் நான் சொல்லமாட்டேன். இரண்டடித் தொட்டிக்கு இறங்குங்கள், கண்ணாடியைத் தவிர வேறு பெரிய சாமான் எதையும் புதிதாக வாங்காமல். போட்ட இரண்டு லட்சத்தைக் கணக்கில் கொண்டுவராதீர்கள். அது போன காசு, தொட்டியை வைத்திருந்தாலும் விற்றாலும் திரும்பாது. இன்று பார்க்கவேண்டியது மாதாமாதம் போகிற 5,000 ரூபாயைத்தான்.

அந்த ஐயாயிரம் எங்கே போகிறது என்று பார்ப்போம். வாட் அளவு எதையும் நீங்கள் எழுதவில்லை, ஆனால் இந்த அளவுத் தொட்டிக்குப் பொதுவாக வைக்கிற சாமானை வைத்துப் போட்டாலே கணக்கு உங்கள் மீட்டரோடு ஒத்துப்போகிறது. தண்ணீரைக் குளிர்விக்கிற 300 வாட் சில்லர் நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 180 யூனிட். 200 வாட் லைட் ஒன்பது மணி நேரத்துக்கு 108. தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பி ஏற்றுகிற ரிட்டர்ன் பம்ப், அழுக்கை நுரையாகப் பிரிக்கிற ஸ்கிம்மர், தண்ணீரை அலைக்கிற வேவ்மேக்கர் மூன்றும் சேர்ந்து 85 வாட்தான், ஆனால் இரவு பகலாக ஓடுவதால் அதுவே 120 யூனிட்டைத் தாண்டுகிறது. ஆக 410. இதில் கசப்பான விஷயம், இந்த 410 யூனிட்டும் உங்கள் பில்லின் உச்சியில் போய் உட்காருகிறது. வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும், 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு 101 முதல் 200 வரைக்கான சலுகை விலை போய்விடும் என்பது பலருக்குத் தெரியாது. 800-க்கு மேல் ஒவ்வொரு யூனிட்டும் பத்து ரூபாய்க்கு மேல்.

எழுபது லிட்டர் பிடிக்கிற இரண்டடித் தொட்டிக்கு ஒரு சின்ன பம்ப், உங்களிடம் இருக்கிற வேவ்மேக்கரில் சின்னது, அறுபது வாட்டுக்குள் ஒரு லைட், இவ்வளவு போதும், நாளுக்கு ஒரு யூனிட் ஆகும். இரண்டு மாதத்துக்கு 60. பழைய 480-உடன் சேர்த்தால் 540, அதாவது வரம்புக்கு நாற்பதே யூனிட் மேலே. அந்த நாற்பதை வீட்டில் எங்கேயாவது பிடியுங்கள். பழைய குண்டு ஃபேன் ஒன்றிரண்டை மின்சாரம் குறைவாக இழுக்கிற பிஎல்டிசி ஃபேனாக மாற்றினாலே முடிந்துவிடும், இந்த ஒரு வாங்கலுக்கு மட்டும் விதிவிலக்கு தருகிறேன். உப்பும் அப்படியே இறங்கும். லிட்டருக்கு 35 கிராம் என்பது கடல்நீர்க் கணக்கு, வாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினால் மாதம் ஒரு கிலோ உப்பு போதும், இப்போது ஐந்து கிலோவுக்கு மேல் கரைத்துக்கொண்டிருப்பீர்கள். மிச்சம் பிடிக்கிறேன் என்று பூம்புகாருக்கோ தரங்கம்பாடிக்கோ கேன் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், பெட்ரோல் செலவே உப்பைத் தாண்டும், ஐப்பசி கார்த்திகை மழையில் முகத்துவாரத் தண்ணீரில் உப்பும் குறைந்திருக்கும்.

சில்லர் இல்லாமல் சித்திரை வெயிலை எப்படித் தாண்டுவது என்று கேட்பீர்கள். தொட்டியை மாடியிலிருந்து கீழ்க் கூடத்துக்கு இறக்குங்கள், வெயில் படாத சுவரோரமாக. மேலே ஒரு சின்ன ஃபேன் காற்று பட்டால் தண்ணீர் ஆவியாகிச் சூடு தணியும், நம் ஊர்ப் புழுக்கத்தில் பெரிதாக இறங்காது என்றாலும் க்ளவுன் மீன் ஜோடிக்கு அது போதும். ஆவியான அளவுக்கு உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரைத் தினமும் ஊற்றவேண்டும், சின்னத் தொட்டியில் இரண்டு நாள் மறந்தாலே உப்பு ஏறிவிடும். ப்ளூ டாங் இருந்தால் அதைக் கட்டாயம் கொடுத்துவிடுங்கள், முக்கால் முதல் ஒரு அடி வரை வளர்கிற மீனுக்கு இரண்டடித் தொட்டி ஜெயில்தான். பழைய மணலை அப்படியே அள்ளிப் புதுத் தொட்டியில் கொட்டாதீர்கள், அடியில் தேங்கிய அழுக்கு கிளம்பி மீன் செத்தால் அதுவும் உங்கள் காசுதான். கல்லை மட்டும் ஈரம் காயாமல் மாற்றுங்கள், தண்ணீரைச் சுத்தம் செய்கிற பாக்டீரியா அதில்தான் இருக்கிறது.

விற்பதற்கு வருவோம். மீனைக் கொடுத்த பிறகுதான் சில்லரைக் கழற்றவேண்டும், ஆனால் வாங்குகிற ஆளை இப்போதே தேடுங்கள், சென்னை கொளத்தூர் மீன் கடைக்காரர்களிடமும் கேட்டுப் பாருங்கள். வாங்கின விலையில் பாதி வந்தாலே நல்ல விலை. நான்கடிக் கண்ணாடிக்கும் ஸ்டாண்டுக்கும் அதுகூட வராது, மாடியிலிருந்து இறக்குகிற கூலியை வாங்குபவர் தலையில் கட்ட முடிந்தால் கொடுத்துவிடுங்கள். ஒன்றில் ஜாக்கிரதை: கல் பவளம் எதுவாக இருந்தாலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வருகிறது. தொட்டியில் இருந்தால் அதற்கு விலை போட்டு விளம்பரம் கொடுக்காதீர்கள், ஒரு வக்கீலிடம் பேசிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

வருகிற பணம் நேராகக் கார்டுக்குப் போகவேண்டும், கடைக் கல்லாவுக்குள் போனால் கரைந்துவிடும். மாதம் மூன்றரை சதவீதம் என்று வைத்தால் 65,000-க்கு 2,275 வட்டி, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, சேர்த்து 2,700 ரூபாய் கிட்ட வருகிறது. நீங்கள் கட்டுகிற மினிமம் பெரும்பாலும் இதற்கே சரியாகிவிடும். விற்றும் மிச்சம் நின்றால் வங்கி நகைக்கடன் வட்டி இதில் கால்வாசிதான். ஆனால் மீன்தொட்டிக் கடனுக்கு நகை கேட்டால் வீட்டில் என்ன கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும், அதனால் முதலில் தொட்டியை இறக்கிக் காட்டிவிட்டுக் கேளுங்கள்.

கார்டு அடைந்த பிறகு மாதம் மூவாயிரத்து ஐந்நூறாவது மிஞ்சும். தை, வைகாசி, ஆவணி என்று கல்யாண மாதத்தில் பாத்திரம் ஓடும், ஆடியிலும் மார்கழியிலும் கடை காற்றாடும், மீனுக்கு அந்தக் கணக்கு தெரியாது. எனவே மிஞ்சுவதை ஆர்டியில் போட்டு ஆடி மாதத்துக்கு என்றே வையுங்கள். இன்வெர்ட்டர் இப்போதைக்கு வாங்கவேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு மன்னார்குடி, பட்டுக்கோட்டை, வேதாரண்யம் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, அப்படி வந்தால் பெரிய தொட்டியை இன்வெர்ட்டரும் காப்பாற்றாது. சின்னத் தொட்டியில் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று ஓரிரண்டு நாளுக்குத் தாக்குப்பிடிக்கும்.

மனைவியிடம் ஒரு தொகை சொல்லி ஒப்புக்கொள்ளுங்கள்: கரண்ட் உட்பட மாதம் 1,500, கணக்கு அவர் கையில். மூன்று மாதம் தொடர்ந்து தாண்டினால் அவர் சொன்னபடி மொத்தத்தையும் கொடுத்துவிடுவதாக இப்போதே சொல்லிவிடுங்கள். பழைய உப்புத் தண்ணீர் நானூறு லிட்டர் வெளியே வரும், அதைக் கொல்லை வாழையில் ஊற்றிவிட வேண்டாம்.