கயாக்கிலிருந்து விரால் பிடித்தல்: காவிரி டெல்டாவில் எப்போது, எங்கே, எப்படி?

கேள்வி: கும்பகோணம் அருகே அரசலாற்றங்கரைக் கிராமம் ஒன்றில் வசிக்கிறேன். ஒருவர் மட்டும் அமர்ந்து துடுப்பிடும் சிறு படகான கயாக் ஒன்றை அண்மையில் வாங்கினேன். ஐரோப்பாவின் அமைதியான ஆறுகளில் கயாக்கில் இருந்தபடியே பைக் மீனைத் தூண்டிலில் பிடிப்பதைக் காணொளிகளில் பார்த்ததே இந்த ஆசைக்குக் காரணம். நம் ஆறுகளில் அவ்வாறு பிடிக்க முடியுமா? எந்த மாதத்தில், எந்தக் கருவிகளோடு இறங்க வேண்டும்?

பதில்: பைக் என்பது ஐரோப்பா, வட ஆசியா, வட அமெரிக்கா ஆகிய பகுதிகளின் குளிர்ந்த நன்னீரில் வாழும் மீன், காவிரியில் அது கிடையாது. ஆனால் நீர்ச்செடிகளின் ஓரத்தில் அசையாமல் கிடந்து, இரை நெருங்கியதும் ஒரே பாய்ச்சலில் கவ்வும் அதே வேலையை நம் ஆறுகளில் விரால் செய்கிறது. கரையிலிருந்து தூண்டில் எட்டாத செடித் திட்டுகளுக்கு ஓசையின்றி நெருங்கிச் செல்ல முடிவதுதான் கயாக்கின் சிறப்பு என்பதால், நீங்கள் காணொளியில் பார்த்த முறையின் பெரும்பகுதி விராலுக்கும் பொருந்தும்.

பொருந்தாதவற்றில் முதன்மையானது மூச்சு. பைக் செவுள்களால் மட்டுமே சுவாசிப்பதால், வெயிலில் நீர் சூடேறி அதில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறையும்போது சோர்ந்துவிடும். விராலோ தலையில் உள்ள தனி உறுப்பின் உதவியால் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் மீன். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது மேலே வந்து காற்றை விழுங்கியே ஆக வேண்டும். தேங்கிய வெதுவெதுப்பான நீரிலும் அது வாழ்வதற்கும், அது இருக்கும் இடத்தை நாம் கண்டுபிடிக்க முடிவதற்கும் இதுவே காரணம். எனவே இடத்தை அடைந்தவுடன் தூண்டிலை வீசாமல், துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு கால் மணி நேரமாவது நீர்ப்பரப்பைக் கவனியுங்கள். வெங்காயத்தாமரைக்கு இடையிலுள்ள சிறு இடைவெளியில் நீர் மெல்லக் குழிந்து, ஒரு வளையம் விரிந்து, இரண்டு மூன்று குமிழிகள் மிதந்தால் அங்கே விரால் மூச்சு விட்டிருக்கிறது என்று பொருள். அது பெரும்பாலும் அந்த இடத்தைவிட்டு அதிக தூரம் போகாது.

இரண்டாவது வேறுபாடு ஆற்றைப் பற்றியது, இதைப் புரிந்துகொள்ளாமல் எவ்வளவு விலையுயர்ந்த தூண்டில் வாங்கினாலும் பயனில்லை. டெல்டாவின் ஆறுகள் மதகுகளால் திறந்து மூடப்படுபவை. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்பட்டு ஜனவரி 28-ஆம் தேதி மூடப்படுகிறது. நீர் இருப்பைப் பொறுத்து இது மாறும், 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள், 2024-இல் ஜூலை 28 வரை தாமதமானது. திறந்த நீர் சில நாட்களில் கல்லணையை அடைந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரிகிறது. முதல் தண்ணீர் குப்பையும் வண்டலுமாகக் கலங்கி வரும். அதன் பிறகும் முறை வைத்து நீர் விடும் முறைப்பாசனத்தால் ஒரு வாரம் நிறைந்து ஓடும் ஆறு மறுவாரம் இறங்கிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையின் வெள்ளமும் சேர்ந்துகொள்வதால், அந்த மாதங்களில் கயாக்கை வீட்டிலேயே வைத்திருக்குமாறு உறுதியாகச் சொல்வேன்.

உங்களுக்குரிய காலம் அணை மூடிய பிறகு வருகிறது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஓட்டம் நின்று, வளைவுகளிலுள்ள மடுக்களிலும் நீரொழுங்கிகளுக்கு (ஆற்றின் குறுக்கே ஷட்டர்களால் நீரைத் தடுத்துத் திறந்துவிடும் அமைப்புகளுக்கு) மேற்புறமுள்ள தேக்கங்களிலும் மட்டும் நீர் நிற்கும். வண்டல் படிந்து நீர் தெளிந்துவிடும். மீன்களும் அந்தச் சிறு இடங்களுக்குள் ஒதுங்கிவிடும். அரசலாறு, குடமுருட்டி, வெட்டாறு போன்ற கிளை ஆறுகளில் காட்டாமணக்குப் புதர் நீரின் மேல் சாய்ந்திருக்கும் இடங்களையும், வாய்க்கால் வந்து சேரும் முகத்துவாரங்களையும், கோரை மண்டிய ஓரங்களையும் முதலில் பாருங்கள். விடியலும் மாலையும் நல்ல நேரங்கள். ஆயினும் உச்சிவெயிலில் அடர்ந்த செடி நிழலுக்கு அடியில் விரால் கிடக்கும் என்பதால் அந்த நேரத்தையும் முற்றாக ஒதுக்க வேண்டியதில்லை.

கருவிகளில் அதிகம் தேவையில்லை. ஏழு அடி நீளமுள்ள சற்று விறைப்பான தூண்டில் கம்பும், 40 முதல் 50 பவுண்டு தாங்கும் பிரெய்ட் நரம்பும் (பல இழைகளைப் பின்னிய தூண்டில் நரம்பு), இரட்டை முள் மேல்நோக்கி அமைந்த ரப்பர் தவளையும் போதும். பைக்கின் பற்கள் நரம்பை அறுத்துவிடும் என்பதால் அங்கே எஃகுக் கம்பியை இணைக்கிறார்கள். விராலுக்கு அது தேவையில்லை. உயிருள்ள தவளையைக் கோப்பதை நான் பரிந்துரைப்பதில்லை, ரப்பர் தவளையையே விரால் தயங்காமல் கவ்வுகிறது. மூச்சு விட்ட இடத்துக்கு அப்பால் வீசி, செடியின் மேலேயே மெல்ல இழுத்து வந்து, இடைவெளி வந்ததும் இரண்டு நொடி நிறுத்துங்கள். நீர் வெடித்துத் தவளை மறைந்தவுடன் பதறி இழுத்தால் முள் ஏறாமல் வெளியே வந்துவிடும். நரம்பில் மீனின் கனம் தெரியும் வரை பொறுத்து, அதன் பின்னரே பலமாகச் சுண்டுங்கள்.

இங்கேதான் கரைக்கும் கயாக்குக்கும் வித்தியாசம் தெரியும். முள் ஏறிய விரால் செடிக்குள் நுழையப் பார்க்கும். கரையில் நிற்பவர் அதை இழுத்து வெளியே கொண்டு வருவார், கட்டப்படாத கயாக்கில் இருப்பவரையோ மீன் செடிக்குள் இழுத்துச் செல்லும். ஆகவே நீளமான மூங்கில் கழி ஒன்றை எடுத்துச் சென்று, செடி ஓரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி, கயாக்கின் பின்முனைக்கு அருகில் சேற்றில் ஊன்றி, ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சால் கட்டுங்கள். ஓட்டமுள்ள நீரில் ஒருபோதும் பக்கவாட்டில் கட்டவோ நங்கூரமிடவோ கூடாது, கயாக் கவிழ்வதற்கு அதுவே போதும். மீனோடு போராடும்போது கம்பைப் பக்கவாட்டில் நீட்டாமல் கால்களுக்கு நேராக வைத்திருங்கள். கைவலையில் ஏந்திய பின்னரும் விரால் துள்ளும் என்பதால், குறட்டால் முள்ளை எடுக்கும்வரை கையை அதன் வாயருகே கொண்டுபோகாதீர்கள்.

ஒரு வேண்டுகோள். மழைக்காலத்தில் செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் திரளாக நீர்ப்பரப்பில் கொப்பளிப்பதைப் பார்க்கலாம். அவற்றுக்கு அடியில் தாயோ தந்தையோ காவல் இருக்கும். அருகில் விழும் எதையும் தாக்கும் என்பதால் அப்போது அதைப் பிடிப்பது மிக எளிது. பிடித்துவிட்டால் காவலற்ற அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்களும் பறவைகளும் தின்றுவிடும். அந்தத் திரளைக் கண்டால் விலகிச் செல்லுங்கள்.

பாதுகாப்பில் நான் மிகவும் அஞ்சுவது நீரொழுங்கிகளை. ஷட்டர் திறந்திருக்கும்போது மேற்புறத்து நீர் கயாக்கை உள்ளே இழுக்கும். கீழ்ப்புறத்தில் நீர் உருண்டு திரும்பச் சுழல்வதால், அதில் விழுந்தவர் நீச்சல் தெரிந்தவராயினும் வெளியேற முடியாமல் போகலாம். இருபுறமும் குறைந்தது 200 மீட்டர் விலகியே இருங்கள். ஓட்டம் சிறிதளவே இருந்தாலும் லைஃப் ஜாக்கெட்டை அணிந்துகொண்டு, முதலில் எதிர்நீரில் துடுப்பிட்டுச் சென்று, களைத்த பிறகு நீரோட்டத்தோடு திரும்புங்கள். கொள்ளிடத்துக்குப் போக வேண்டாம். மணல் எடுத்த ஆழமான குழிகள் அங்கே நீருக்கடியில் மறைந்துள்ளன. அணைக்கரைப் பகுதியிலும் அதற்குக் கீழே சிதம்பரம் பக்கமும் முதலைகள் வாழ்கின்றன. ஆற்றின் குறுக்கே செல்லும் மின்கம்பிகளுக்கு அடியில் கார்பன் கம்பை உயர்த்தாதீர்கள், அது மின்சாரத்தைக் கடத்தும்.

ஏரி, குளங்களின் மீன்பிடி உரிமை ஏலத்தில் விடப்படுவதால் குத்தகைதாரரின் அனுமதியின்றி அங்கே தூண்டில் போடக்கூடாது. ஆற்றுப் பகுதியின் நிலவரத்தை உங்கள் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டறியுங்கள்; அன்றைய நீர் திறப்பைப் பற்றி நீரொழுங்கியின் பணியாளரிடம் ஒரு வார்த்தை விசாரித்த பின்னரே கயாக்கை இறக்குங்கள். படித்துறையில் மக்கள் குளிக்கும் காலை வேளையில் அதன் அருகே முள்ளை வீசாமல், முன்னதாகவே கடந்து சென்றுவிடுங்கள்.