கேளுங்க, சொல்றோம்: கருங்கரடி வேட்டைக்கு எந்த கைத்துப்பாக்கி?

கேள்வி (ஹாரிஸ்பர்க், பென்சில்வேனியா): அண்ணா, எனக்கு கிரீன் கார்டு வந்தாச்சு. கூட வேலை பாக்குறவர் வருஷா வருஷம் நவம்பர்ல கரடி வேட்டைக்கு மலைக்கு போவார், இந்த தடவை என்னையும் கூப்பிடுறார். ரைஃபிள் இல்லாம கைத்துப்பாக்கில வேட்டையாடணும்னு எனக்கு ஆசை. கடைல 10 எம்எம் க்ளாக் போதும்னு சொன்னாங்க, நண்பர் 44 மேக்னம் வாங்கச் சொல்றார், யூடியூப்ல பாத்தா 500 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இல்லாம கரடி பக்கமே போகாதேங்குறாங்க. எந்த கேலிபர் (தோட்டா அளவு) எடுக்கட்டும்?

பதில்: தம்பி, முதல்ல 10 எம்எம் க்ளாக்கை லிஸ்ட்ல இருந்து எடுத்துடுங்க. அது மோசமான ரவுண்டு (தோட்டா) இல்ல, 1983ல வந்தது, 200 கிரெய்ன் (குண்டோட எடை அளவு) புல்லட்டை செகண்டுக்கு கிட்டத்தட்ட 1200 அடி வேகத்துல தள்ளும், அலாஸ்கால மீன் பிடிக்க போறவங்க நிறைய பேர் இடுப்புல அதைத்தான் கட்டிட்டு போறாங்க. ஆனா உங்க மாநிலத்துல பெரிய விலங்கு வேட்டைக்கு க்ளாக் மாதிரி செமி ஆட்டோமேட்டிக் கைத்துப்பாக்கிக்கு அனுமதி கிடையாது. ரிவால்வர், இல்லைன்னா ஒவ்வொரு ரவுண்டா போட்டு சுடுற சிங்கிள் ஷாட், இது ரெண்டு தான் செல்லும். கடைக்காரர் தற்காப்பை மனசுல வச்சு சொல்லிருப்பார். வேட்டையை கவனிக்கிற மாநில அமைப்பான கேம் கமிஷன் வருஷா வருஷம் விதிப் புத்தகம் போடும், கடைக்கு போறதுக்கு முன்னாடி அதை ஒரு தடவை முழுசா படிச்சுடுங்க.

என் பதில் 44 மேக்னம். ஆறு இன்ச்ல இருந்து ஏழரை இன்ச் வரைக்கும் பேரல் இருக்குற, கொஞ்சம் கனமான ரிவால்வர். ருகர் சூப்பர் ரெட்ஹாக், சூப்பர் பிளாக்ஹாக், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 629, இதுல எது உங்க கைக்கு உக்காருதோ அது.

ஏன்னு கேட்டா, கைத்துப்பாக்கி எப்படி விலங்கை வீழ்த்துதுங்கறதுல இருந்து ஆரம்பிக்கணும். 44 மேக்னம்ல 240 கிரெய்ன் புல்லட், அதாவது பதினஞ்சரை கிராம் ஈயம், செகண்டுக்கு 1300 அடி வேகத்துல போனா அதோட சக்தி சுமார் 900 அடி-பவுண்ட். கேக்க பெருசா இருக்கும், ஆனா தாத்தா காலத்து 30-30 ரைஃபிள்ல அதுக்கு ரெண்டு மடங்கு இருக்கு. அதனால குண்டு பட்ட அதிர்ச்சிலயே கரடி சுருண்டு விழுந்துடும்னு நம்பி போகாதீங்க. கைத்துப்பாக்கில வேலை செய்யுறது அது போடுற ஓட்டை மட்டும் தான், அந்த ஓட்டை ரெண்டு நுரையீரலையும் துளைச்சுட்டு மறுபக்கம் வெளிய வந்தாகணும்.

மான்ல இது அவ்வளவு முக்கியம் இல்ல, கரடில ரொம்ப முக்கியம். நவம்பர் கரடி குளிர்காலத்துக்காக தின்னு தின்னு கொழுத்து நிக்கும். எங்க கேம்ப்ல ஒரு ஆண் கரடியை உரிக்கும்போது பக்கத்துல நின்னு பாத்தேன், முடியை விரலால ஒதுக்கி ஒதுக்கி தேடியும் குண்டு உள்ள போன இடம் யார் கண்ணுலயும் படல, தோலை உரிச்சதுக்கு அப்புறம் தான் வெள்ளை கொழுப்புக்கு நடுவுல சுண்டு விரல் நுழையுற அளவு ஒரு ஓட்டை தெரிஞ்சுது, ரெண்டு விரல் கனத்துக்கு இருந்த கொழுப்பே அதை அடைச்சு வச்சிருந்துச்சு, அந்தப் பக்கம் ஒரு சொட்டு ரத்தம் கீழ விழல. குண்டு வெளிய வந்த பக்கம் தான் ரத்தம் ஒழுகிருந்துச்சு, அந்த தடத்தை வச்சு தான் லாரல் புதருக்குள்ள அதை கண்டுபிடிச்சாங்க. வெளிய வர்ற ஓட்டை இல்லைன்னா கரடி எங்கயோ போய் படுத்து செத்திருக்கும், கிடைச்சிருக்காது. காயப்பட்ட விலங்கை காட்டுல விட்டுட்டு வர்ற மாதிரி பாவம் வேட்டைல வேற கிடையாது.

அதனால கேலிபரை விட புல்லட் எதுங்கறதுல தான் நீங்க அதிகமா மெனக்கெடணும். முனை அகலமா தட்டையா இருக்குற ஹார்ட்காஸ்ட் (கெட்டியா வார்த்த, விரியாத ஈயக் குண்டு), 240ல இருந்து 300 கிரெய்ன் வரைக்கும், இல்லைன்னா வேட்டைக்குன்னே செஞ்ச கெட்டியான சாஃப்ட் பாயின்ட் (முனைல மட்டும் ஈயம் வெளிய தெரியுற குண்டு). தற்காப்புக்கு விக்கிற ஹாலோ பாயின்ட் (முனைல குழி இருக்குற குண்டு) வேண்டாம், அது உள்ள போனதும் டக்குனு விரிஞ்சு பாதிலயே நின்னுடும், மனுஷன் உடம்புக்கு கணக்கு பண்ணி செஞ்சது அது. சில மாநிலங்கள்ல விரியுற புல்லட் தான் போடணும்னு சட்டமே இருக்கு, அங்க ஹார்ட்காஸ்ட் செல்லாது, வேற மாநிலத்துக்கு வேட்டைக்கு போனா இதையும் பாத்துக்கோங்க.

500 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2003ல வந்தது, 2500 அடி-பவுண்டைத் தாண்டியும் போகும், பிரம்மாண்டமான துப்பாக்கி தான். 454 கசுல்லும் அந்த ரகம் தான், 44ஐ விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. கருங்கரடிக்கு அது எதுவுமே தேவையில்ல, 600 பவுண்டுக்கு மேல நிக்கிற ஆண் கரடியா இருந்தாலும் 44 நேரா போட்டா ஊடுருவிடும். முதல் தடவை கைத்துப்பாக்கில வேட்டைக்கு போறவர் 500ஐ வாங்கினா ரெண்டாவது ரவுண்டுலயே உடம்பு பயப்பட ஆரம்பிச்சுடும், ட்ரிக்கரை அமுக்குற நேரத்துல கண்ணு மூடும், மணிக்கட்டு கீழ இழுக்கும், அந்த பழக்கம் ஒட்டிக்கிச்சுன்னா எடுக்க மாசக்கணக்கு ஆகும். இன்னொரு விஷயம், க்ளாக் மாதிரி பிஸ்டல் சுட்டு பழகினவங்க இடது கட்டைவிரலை முன்னாடி நீட்டி பிடிப்பாங்க, ரிவால்வர்ல சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவுல இருக்குற இடைவெளில சூடான கேஸ் பீச்சி அடிக்கும், பெரிய கேலிபர்ல அது விரலை கிழிச்சுடும். விரல் எதுவும் சிலிண்டரோட முன் விளிம்பை தாண்டக்கூடாது.

பழகுறதுக்கு 44 ஸ்பெஷல் தோட்டா வாங்குங்க. அதே ரிவால்வர்ல போகும், உதை பாதி கூட இருக்காது. கொஞ்சம் கொஞ்சமா மேக்னத்துக்கு வாங்க. காதுக்கு மஃப் இல்லாம ஒரு ரவுண்டு கூட வேண்டாம், இந்த சத்தத்துல போன காது திரும்ப வராது. ஒன்பது இன்ச் பேப்பர் பிளேட்டை மாட்டி வச்சு, ரேஞ்ச்ல பெஞ்சு மேல கை வச்சு இல்லாம காட்டுல எப்படி உக்காருவீங்களோ அப்படி உக்காந்து சுடுங்க. எந்த தூரத்துல ஆறு ரவுண்டும் பிளேட்டுக்குள்ள விழுதோ அது தான் உங்க தூரம், 30 யார்டுன்னா 30 தான், 50 யார்டுல கரடி நின்னா பாத்துட்டு விட்டுடணும்.

எங்க சுடணும்னா, கரடி பக்கவாட்டுல நிக்கணும், இல்லைன்னா உங்களை விட்டு லேசா விலகி நிக்கணும், உங்க பக்கத்து முன்னங்கால் முன்னாடி போயிருக்கணும், அப்போ தோளுக்கு பின்னாடி உடம்போட நடு உயரத்துல. முடியும் கொழுப்பும் சேர்ந்து கரடியோட அடிவயித்து கோட்டை கீழ இறக்கி காட்டும், மான்ல வைக்கிற மாதிரி கீழ்ப்பகுதில குறி வச்சா வெறும் முடில போயிடும். நேருக்கு நேர் நிக்கிற கரடி, தலை, இது ரெண்டும் வேண்டவே வேண்டாம்.

உங்க மாநிலத்துல கரடிக்கு இரை போட்டு வைக்கவும் கூடாது, நாய் விட்டு மரத்துல ஏத்தவும் கூடாது, அதனால நிறைய பேர் கூட்டமா சேர்ந்து புதரை அடிச்சு ஓட்டுவாங்க, இன்னும் சிலர் எதிர்ப்பக்கம் காத்திருப்பாங்க. அப்படி ஓடி வர்ற கரடியை கைத்துப்பாக்கில சுடாதீங்க தம்பி, இதை கெஞ்சி கேக்குறேன். ஓடுற விலங்கு, அடர்ந்த புதர், சுத்தி ஆரஞ்சு கோட்டு போட்ட மனுஷங்க. அந்த நாள்ல ரைஃபிள் வச்சிருக்குறவர் பாத்துக்கட்டும். ஓக் கொட்டை விழுந்து கிடக்குற சரிவுல தனியா உக்காந்து காத்திருக்குற அன்னைக்கு ரிவால்வரை எடுங்க.

பேப்பர் வேலை: முதல் தடவைன்னா ஹன்டர் ட்ரெயினிங் கோர்ஸ் கட்டாயம், பொது லைசென்ஸுக்கு மேல கரடிக்கு தனி லைசென்ஸ், கைத்துப்பாக்கி எடுத்துட்டு போக கேரி லைசென்ஸ் இல்லைன்னா கவுண்டி ட்ரெஷரர் ஆபீஸ்ல ஸ்போர்ட்ஸ்மேன் பர்மிட். சுட்ட கரடியை 24 மணி நேரத்துக்குள்ள கேம் கமிஷனோட கரடி செக் ஸ்டேஷனுக்கு கொண்டு போகணும்.

கேள்வி (ராலே, நார்த் கரோலினா): நான் ஹெச்-1பி விசால இருக்கேன், என் கை ரொம்ப சின்னது, ரேஞ்ச்ல 44 சுட்டு மணிக்கட்டு வலிச்சுது. 357 மேக்னம் கரடிக்கு பத்தாதா?

பதில்: சகோதரி, துப்பாக்கியை விட முதல்ல உங்க விசா விஷயம் அவசரம். குடியேறாத விசால இருக்குறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்குறது ஃபெடரல் குற்றம். அதுக்கு இருக்குற விதிவிலக்குகள்ல உங்களுக்கு பொருந்துறது, ஏதாவது ஒரு மாநிலம் குடுத்த வேட்டை லைசென்ஸ் கைல இருக்குறது. அந்த லைசென்ஸ் காலாவதி ஆயிடுச்சுன்னா விதிவிலக்கும் போச்சு. நண்பரோட துப்பாக்கியை வாங்கி ரேஞ்ச்ல ரெண்டு ரவுண்டு சுடுறதும் இதுல அடங்கும், நிறைய நம்ம பசங்களுக்கு இது தெரியவே தெரியாது, கிரீன் கார்டுக்கே ஆபத்தா முடியும். தயவு செஞ்சு இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அடுத்த அடி வைங்க.

357ஐ பத்தி: 1935ல வந்த ரவுண்டு, வழக்கமான 158 கிரெய்ன் லோடுல 535 அடி-பவுண்ட். 180 கிரெய்ன் ஹார்ட்காஸ்ட் போட்டு, 25 யார்டுக்குள்ள, அசையாம பக்கவாட்டுல நிக்கிற கரடின்னா வேலை முடியும். ஆனா தப்புக்கு இடமே இல்ல, கோணம் லேசா மாறி தோள் எலும்புல பட்டா அவ்வளவு தான். அதுவும் உங்க மாநிலத்துல, கடலோர கவுண்டிகள்ல இருக்குறது ராட்சசக் கரடிகள், 1998ல கிரேவன் கவுண்டில சுட்ட ஒண்ணு 880 பவுண்ட். நடுவுல 41 மேக்னம்னு ஒண்ணு இருக்கு, 1964ல வந்தது, உதை கொஞ்சம் குறைவு, ஆனா தோட்டா கிடைக்கிறது கஷ்டம். நான் உங்க இடத்துல இருந்தா 30-30 லீவர் ரைஃபிள் வாங்கிடுவேன். தோள்ல வச்சு சுடுறதால மணிக்கட்டு வலி இல்ல, கரடிக்கும் அது தான் நியாயம்.

கேள்வி (ஸ்காபரோ, கனடா): அண்ணை, ஒன்ராறியோவின்ர வடக்குப் பக்கம் கரடி வேட்டைக்குப் போகலாம் எண்டு சிநேகிதர் சொல்லுறார். பிஸ்டல் கொண்டு போகேலுமோ?

பதில்: முடியாதுங்க. கனடால கைத்துப்பாக்கில வேட்டையாட அனுமதி இல்ல, போதாததுக்கு 2022 அக்டோபர் 21ல இருந்து தனிமனுஷங்க புதுசா கைத்துப்பாக்கி வாங்குறது விக்கிறதையும் நிறுத்தி வச்சிருக்காங்க. அமெரிக்கால இருக்குற சொந்தக்காரர்கிட்ட ரிவால்வரை வாங்கிட்டு பார்டர் தாண்டலாம்னு யாராவது யோசனை சொன்னா அந்த பேச்சையே எடுக்காதீங்க, ஜெயில் தான். ஃபயர் ஆர்ம்ஸ் லைசென்ஸ் எடுத்து, ஒன்ராறியோ வேட்டை கோர்ஸ் முடிச்சு, 308 ரைஃபிளோ 30-30யோ, கிட்டத்துல சுடுறதுன்னா 12 கேஜ் ஷாட்கன்ல ஸ்லக்கோ (ஒரே பெரிய குண்டு) எடுத்துட்டு போங்க.

கேள்வி (அட்லாண்டா, ஜார்ஜியா): எங்களுக்கு வேட்டை எல்லாம் வேண்டாம். குழந்தைகளோட ஸ்மோக்கி மவுண்டன்ஸ்ல ஹைக்கிங் போறோம், கரடி பயம். வீட்டுக்காரர் 44 வாங்கலாம்னு சொல்றார், சரியா?

பதில்: பேர் ஸ்ப்ரே, அதாவது கரடியை விரட்டுற ஸ்ப்ரே, வாங்குங்கம்மா. 2010ல இருந்து தேசியப் பூங்காக்கள்ல மாநில சட்டப்படி துப்பாக்கி வச்சிருக்கலாம், ஆனா சுடுறதுக்கு அனுமதி இல்ல. டாம் ஸ்மித், ஸ்டீஃபன் ஹெரேரோன்னு ரெண்டு பேர் கூட்டாளிகளோட அலாஸ்கா சம்பவங்களை எடுத்து பாத்திருக்காங்க, 2008ல வந்த ஆய்வுல கருங்கரடிகிட்ட ஸ்ப்ரே 90 சதவீதம் வேலை செஞ்சிருக்கு, 2012ல வந்த துப்பாக்கி ஆய்வுல கைத்துப்பாக்கி 84 சதவீதம். அந்த 84ம் துப்பாக்கியோட பழகின ஜனங்க கைல வந்த கணக்கு. பதட்டத்துல, பக்கத்துல குழந்தை நிக்கும்போது, ஒரு தடவை கூட சுடாதவர் கைல 44 குடுத்தா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க. ஸ்ப்ரேல இருக்குறது மிளகாய்க் காரம் தான், 30 அடி தூரத்துக்குள்ள மேகம் மாதிரி பரவும், குறி துல்லியமா இருக்கணும்னு அவசியமில்ல. பைக்குள்ள போடாம பெல்ட்ல மாட்டுங்க. யோசெமிட்டி போனா மட்டும் எடுத்துட்டு போகாதீங்க, அங்க ஸ்ப்ரேக்கே தடை. சாப்பாட்டு மூட்டையை கார்ல பூட்டி வைங்க, கரடி கிட்ட வந்தா ஓடாம, முதுகைக் காட்டாம, குழந்தைகளை பின்னாடி விட்டு சத்தமா பேசிட்டே பின்வாங்குங்க.

கேள்வி (ஹாரிஸ்பர்க் வாசகரே இன்னொண்ணும் கேட்டிருக்கார்): கரடி கிடைச்சா கறி சாப்பிடலாமா?

பதில்: தாராளமா சாப்பிடலாம், ஓக் கொட்டை தின்ன கரடி நல்லாவே இருக்கும். ஆனா ட்ரிக்கினெல்லான்னு ஒரு புழு கரடி தசைல இருக்க வாய்ப்பு உண்டு, ஃப்ரீசர்ல வச்சாலும் நம்ப முடியாது, உப்புக்கண்டம் போட்டு காய வச்சாலும் சாகாது. உள் சூடு 74 டிகிரி செல்சியஸ் வரணும், தெர்மாமீட்டர் குத்தி பாத்துடுங்க. மிளகு, இஞ்சி, பூண்டு தட்டிப் போட்டு குக்கர்ல வேக விட்டு அப்புறம் வறுக்குறது தான் நல்லது. உரிச்ச அன்னைக்கே கறியை குளிர்ச்சியா வச்சுடுங்க, வெள்ளை கொழுப்பை முழுசா வெட்டி எடுத்துடுங்க, அது சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும்.