பழைய ஸ்விஃப்டை இறக்க ஆசை, கையில் காசு குறைவு: எந்த சஸ்பென்ஷன் வாங்குவது?

கேள்வி: சார், வயது 29, கோவையில் பம்ப் கம்பெனி ஒன்றில் வேலை. பிடித்தம் போக 38,000 கைக்கு வரும். 2012 மாடல் ஸ்விஃப்ட் டீசல் வைத்திருக்கிறேன், 1,30,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் அதில்தான் வந்து போகிறேன், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் ஏறிக்கொள்வார்கள். வண்டியின் உயரத்தைக் கொஞ்சம் இறக்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. இருக்கிற ஸ்ப்ரிங்கை வெட்டித் தர 2,000, நீளம் குறைந்த லோயரிங் ஸ்ப்ரிங் செட் 16,000, ஸ்ப்ரிங்கும் ஷாக்கும் சேர்ந்த, உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய பட்ஜெட் காயில்ஓவர் 48,000 என்று மூன்று ரேட் சொல்கிறார்கள். மேடு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போடுகிறது, நான்கு ஷாக் அப்சார்பரும் போய்விட்டது, கம்பெனி ஷாக்கே போட்டால் 19,000 ஆகும் என்கிறார் மெக்கானிக். எப்படியும் ஷாக் மாற்றத்தான் போகிறோம், அதற்குக் காயில்ஓவரே போட்டுவிட்டால் என்ன? சேமிப்பு 27,000. அம்மாவின் நகை மீது 60,000 கடன், 9 சதவீத வட்டி, ஐந்து மாதத்தில் கெடு. மாதம் 5,000 கட்டும் ஒரு லட்சம் ரூபாய் சீட்டு, இருபதில் எட்டு கட்டியாயிற்று. கார்டில் 12 மாத இ.எம்.ஐ. போடுவதா, சீட்டைத் தள்ளி எடுப்பதா? இப்போது எடுத்தால் 15,000 தள்ள வேண்டி வரும். வண்டி இரண்டரை லட்சத்துக்குப் போகும்.

பதில்: கார்டும் வேண்டாம், சீட்டையும் தொடாதீர்கள். மெக்கானிக் சொன்ன 19,000 ரூபாய் வேலையை மட்டும் இரண்டு தவணையாகப் பிரித்துச் செய்யுங்கள். வண்டியை இறக்குவதை சீட்டு முடியும் வரைக்கும் ஆர்.சி. புதுப்பிக்கும் வரைக்கும் தள்ளி வையுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் ஆசையில் தப்பு எதுவும் இல்லை, கணக்கில்தான் ஓட்டை இருக்கிறது.

முதலில் அந்த 2,000 ரூபாய் வேலையை முடித்துவிடுவோம். ஸ்ப்ரிங்கை வெட்டினால் நீளம் குறைவதோடு வேலை செய்கிற சுற்றுகளின் எண்ணிக்கையும் குறைகிறது, அதனால் ஸ்ப்ரிங் கெட்டியாகிவிடும். ஷாக் பழைய நீளத்துக்கும் பழைய ஸ்ப்ரிங்குக்கும் செய்யப்பட்டது, அதன் தண்டு எந்நேரமும் கீழேயே உட்கார்ந்திருக்கும், சின்னப் பள்ளத்துக்கே பம்ப் ஸ்டாப் என்கிற ரப்பர் கட்டையில் போய் இடிக்கும். கேஸ் வைத்து வெட்டினால் அந்தச் சூட்டில் இரும்பின் பதமே மாறிவிடும், பிறகு எப்போது எங்கே விரிசல் விடும் என்று யாரும் சொல்ல முடியாது. இன்னொன்று, வண்டியை ஜாக்கியில் தூக்கினாலோ ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கினாலோ வெட்டிய ஸ்ப்ரிங் தன் இருக்கையை விட்டு நழுவப் பார்க்கும். அப்பா அம்மாவை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியில் இதைச் செய்யவே கூடாது. இலவசமாகச் செய்து தந்தாலும் வேண்டாம்.

இப்போது 48,000. வண்டியின் இன்றைய விலையில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு இது. விற்கும்போது இதில் ஒரு ரூபாய் கூடத் திரும்பி வராது. பழைய ஸ்விஃப்ட் வாங்க வருகிறவர் பெரும்பாலும் குடும்பத்துக்காகப் பார்க்கிறவர், இறக்கின வண்டியைப் பார்த்தால் "தம்பி நல்லா ஓட்டியிருக்கார் போல" என்று விலையைக் குறைத்துத்தான் கேட்பார். கார்டு இ.எம்.ஐ.க்கு 16 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மாதம் 4,355 ரூபாய், வட்டி மட்டும் சுமார் 4,260, வட்டி மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி, பிராசசிங் கட்டணம் தனி. ஆக 53,000 தாண்டிவிடும். இது ஒழுங்காகக் கட்டினால். ஒரு மாதம் மினிமம் மட்டும் கட்டிவிட்டு மிச்சத்தை அப்படியே விட்டால் பல கார்டுகளில் மாதம் மூன்றரை சதவீதம் வரை போடுவார்கள், வருஷத்துக்கு 42 சதவீதம். நகைக்கு 9 சதவீதம் கட்டிக்கொண்டிருக்கிற ஒருவர் ஸ்ப்ரிங்குக்காக இந்தப் பக்கம் தலைவைத்தே படுக்கக் கூடாது.

சீட்டுக் கணக்கு இதைவிட மோசம். 15,000 தள்ளி 85,000 எடுக்கிறீர்கள், அதில் உங்களுக்குத் தேவையோ 48,000. கடைசி வரை பொறுத்தாலும் கமிஷன் 5,000 போகத்தான் செய்யும், அதைக் கழித்தாலும் காயில்ஓவரின் உண்மையான விலை உங்களுக்கு 58,000 ஆகிறது. எடுத்த பிறகு மிச்சம் 12 மாதமும் தவணை கட்டியே ஆக வேண்டும்.

இவ்வளவும் பொருளின் விலை மட்டும்தான். சாமான் மாட்டின பிறகு வருகிற செலவை ஒருத்தரும் ரேட்டில் சேர்த்துச் சொல்வதில்லை. உங்கள் வண்டிக்கு முன்னால் ஸ்ப்ரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக நிற்கிற மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட், பின்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற டார்ஷன் பீம். முன்பக்கம் இறக்கினால் சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கிற லோயர் ஆர்மின் கோணம் மாறும், அதோடு டோவும் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற அளவு) கேம்பரும் (சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கிற அளவு) மாறும். டோவை, ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற டை ராடில் சரி செய்யலாம், பின்பக்கம் பீம் என்பதால் அலைன்மென்ட்டில் திருப்புவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. அலைன்மென்ட் சரியாகப் பார்க்காமல் ஓட்டினால் டயரின் உள்பக்க ஓரம் தேயும். வெளியிலிருந்து பார்த்தால் பட்டன் நன்றாகவே தெரியும், ஸ்டியரிங்கை முழுக்க ஒரு பக்கம் ஒடித்துவிட்டு டயரின் உள்பக்கத்தைக் கையால் தடவினால்தான் கம்பி எட்டிப் பார்ப்பது தெரியவரும். நான்கு டயர் மாற்ற உங்கள் சைஸுக்கு எப்படியும் 15,000க்கு மேல். அப்புறம் 1,30,000 ஓடின வண்டியில் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், லிங்க் ராட், ஸ்ட்ரட் மவுன்ட் பேரிங் எல்லாம் ஏற்கெனவே பாதி ஆயுளைத் தாண்டியவை. கெட்டியான ஸ்ப்ரிங் வாங்குகிற அடி நேராக இவற்றில்தான் போய் இறங்கும். பட்ஜெட் காயில்ஓவரில் உயரத்தை மாற்றத் திருகுகிற மரை இருக்கிறதல்லவா, நம் ஊர் மழையிலும் சேற்றிலும் அது துருப்பிடித்து இறுகிப்போனால் பிறகு திருகவே முடியாது. 48,000 கொடுத்து வாங்கின வசதி அத்தோடு சரி. சீல் போய் எண்ணெய் கசிந்தால் பிரித்து ரிப்பேர் செய்ய ஆள் இருக்கிறாரா, உதிரிப் பாகம் தனியாகக் கிடைக்குமா என்று விற்கிறவரிடம் கேட்டுப் பாருங்கள். அந்தப் பதிலிலேயே பாதி முடிவு தெரிந்துவிடும்.

உயரக் கணக்கும் பணக் கணக்குதான். ஸ்விஃப்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 170 மில்லிமீட்டர். 40 இறக்கினால் 130, அதுவும் ஆள் ஏறாதபோது. இந்தியச் சாலை காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். உங்கள் வண்டியின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2.43 மீட்டர்தான் என்பதால் விதிப்படி போட்ட வேகத்தடை என்றால் வண்டி மொத்தமாக அதன் மேல் ஏறி இறங்கிவிடும், அடி தட்டாது. ஆனால் கிராமத்துக்குள் ஊர்க்காரர்களே கேட்டுப் போட்டுக்கொண்ட வேகத்தடை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். குறுகலாக, செங்குத்தாக, முன் சக்கரம் இறங்கி பின் சக்கரம் ஏறுவதற்குள் முழுசாக வண்டியின் வயிற்றுக்குக் கீழே வந்து நிற்கும். நான்கு பேர் உட்கார்ந்து வண்டி இன்னும் பதிந்திருக்கும்போது அது உரசினால் முதலில் அடி வாங்குகிறவற்றில் எஞ்சின் எண்ணெய் நிற்கிற ஆயில் சம்ப்பும் ஒன்று. சம்ப் உடைந்ததை விபத்துச் சேதமாக இன்ஷூரன்ஸில் கேட்கலாம், ஆனால் எண்ணெய் ஒழுகுவது தெரியாமல் ஓட்டி எஞ்சின் சீஸ் ஆனால் அதைப் பின்விளைவுச் சேதம் என்று தள்ளிவிடுவார்கள். இந்த வயது வண்டிக்கு உலோகப் பாகத்துக்கே 50 சதவீதம் தேய்மானம் கழித்துத்தான் தருவார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஸ்ப்ரிங் மாற்றுவது இதில் வருமா என்பதில் வாதம் செய்ய இடம் இருக்கிறது, ஆனால் அந்த வாதத்தை ரோட்டோரத்தில் நின்று அதிகாரியிடம் செய்ய வேண்டியது நீங்கள். உங்கள் வண்டி 2012, அப்படியென்றால் 15 வருஷ ஆர்.சி. 2027-ல் முடிகிறது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்டி ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்க வேண்டும், அந்த நேரத்தில் வண்டி கம்பெனி நிலையில் இருப்பதுதான் புத்திசாலித்தனம். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் மாற்றினால் க்ளெய்ம் நேரத்தில் அவர்கள் அதையே காரணம் காட்டலாம்.

"எப்படியும் ஷாக் மாற்றத்தானே போகிறோம்" என்கிறீர்களே, உங்கள் கணக்கு வழுக்குகிற இடம் அதுதான். ஷாக் போன வண்டியில் தினமும் போய் வருவதால்தான் வண்டி அலைகிறது, வளைவில் சாய்கிறது, பிரேக் அடித்தால் மூக்கு குத்துகிறது. இந்த மூன்றும் சேர்ந்துதான் வண்டி ரொம்ப உயரமாக இருப்பது போன்ற எண்ணத்தைத் தருகிறது என்பது என் ஊகம். ஒரு மூலையைக் கையால் அழுத்தி விட்டுப் பாருங்கள், ஒரு தரம் எழும்பி நிற்காமல் இன்னும் ஆடினால் ஷாக் போய்விட்டது. ஸ்ட்ரட்டின் உடம்பைத் தொட்டுப் பாருங்கள், புழுதி எண்ணெயில் ஊறிக் கருப்பாக விரலில் ஒட்டும். புது ஷாக், புது மவுன்ட், புது புஷ் போட்டு அலைன்மென்ட் பார்த்த ஸ்விஃப்டை நீங்கள் இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை. நீங்கள் ஓட்டுவது தேய்ந்த ஸ்விஃப்டை. இறக்குவதால் கிடைக்கும் என்று நினைக்கிற பிடிப்பில் பெரும்பகுதி இதிலேயே கிடைத்துவிடும், தோற்றம் மட்டும்தான் பாக்கி.

சரி, பணத்தை இப்படிப் பிரியுங்கள். இந்த மாதம் முன்பக்க ஜோடியை மாற்றுங்கள், சுமார் 11,000 என்று வைத்துக்கொள்வோம். 27,000-ல் 16,000 மிஞ்சும், அவசரத்துக்கு அது இருக்கட்டும். இரண்டு மாதம் கழித்து சம்பளத்திலிருந்து பின்பக்க ஜோடி. ஷாக்கை ஒற்றையாக மாற்றாதீர்கள், முன்னால் என்றால் முன்னால் இரண்டும், பின்னால் என்றால் பின்னால் இரண்டும். ஐந்தாவது மாதம் நகைக்கடன் வட்டி 5,400 கட்டிப் புதுப்பியுங்கள். கெடு தாண்டினால் அம்மா நகைக்கு ஏல நோட்டீஸ் வரும், அந்தத் தேதியை இப்போதே போனில் குறித்து வையுங்கள். சீட்டைக் கடைசி வரை கொண்டு போனால் கமிஷன் ஐந்து சதவீதம் போக 95,000 வரும். அதில் நகையை மீட்டால் வட்டியும் போக 30,000க்குப் பக்கம் கையில் நிற்கும்.

அன்றைக்கும் ஆசை அப்படியே இருந்தால், ஆர்.சி. புதுப்பித்த பிறகு, சட்டச் சிக்கல் உங்கள் பொறுப்பு என்று தெரிந்தே, அந்த 16,000 ரூபாய் ஸ்ப்ரிங் செட்டைப் பாருங்கள். 25 மில்லிமீட்டருக்கு மேல் இறக்காததாக, உங்கள் மாடலுக்கென்றே செய்ததாக, பில்லோடு தருவதாக இருக்க வேண்டும். ஷாக் அப்போதும் ஓரளவு புதுசாகவே இருக்கும். இன்ஷூரன்ஸுக்கு மெயில் போட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள், பழைய ஸ்ப்ரிங் நான்கையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள், வண்டியை விற்கும்போது திரும்ப மாட்ட வேண்டி வரும். காயில்ஓவர் இந்த வண்டிக்கு அன்றைக்கும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இப்போது மெக்கானிக்கிடம் போகும்போது அந்த எஸ்டிமேட்டில் ஸ்ட்ரட் மவுன்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் சேர்க்கச் சொல்லுங்கள். ஸ்ட்ரட்டைக் கழற்றுகிற கூலி ஒரு தடவைதான், ஆறு மாதம் கழித்து மவுன்ட் "டக் டக்" என்று சத்தம் போட்டால் அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும்.